நாற்றின் வயது

“ஒத்தை நாத்து நடவா? அதெல்லாம் நாங்க செஞ்சு பாத்தாச்சு சார். ஒரு நாத்து வச்ச இடத்துல அது செத்துப்போனா அங்க என்ன இருக்கும்? வெறும் சேறுதான்.” காவிரிப் படுகையில் நெல் போடுகிறவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் இந்தப் பதில் எங்காவது ஓர் இடத்தில் வந்துவிடும். சொல்பவர் பொய் சொல்லவில்லை. அவர் நட்டது உண்மை, வயல் முழுக்க நாற்று செத்துப் பாடுவாசி விழுந்ததும் உண்மை. அடுத்த கேள்வியைக் கேட்டால்தான் விஷயம் பிடிபடும்: எத்தனை நாள் நாற்று? “இருபத்தஞ்சு, இருபத்தெட்டு இருக்கும். தண்ணி வர லேட்டாச்சுல்ல.”

கோளாறு அந்த இருபத்தெட்டில் இருக்கிறது. முற்றிய நாற்றைக் கொத்தாக நட்டால் நாலில் இரண்டு செத்தாலும் இரண்டு பிழைக்கும். அதே முற்றிய நாற்றை ஒற்றையாக நடும்போது பழைய முறையில் இருந்த ஒரே காப்பையும் கழற்றிவிடுகிறோம், பதிலுக்குப் புதிய முறையின் பலன் எதையும் வாங்கிக்கொள்வதில்லை. பிறகு பழி முறையின் மேல் விழுகிறது.

இதில் பெயருக்கும் பங்கு உண்டு. வேளாண்துறை வைத்த பெயர் திருந்திய நெல் சாகுபடி. தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரமாண்டு விழா நடந்த 2010இல் ‘ராஜராஜன் 1000’ என்றும் ஒரு பெயர் சூட்டினார்கள். இரண்டும் அறிவிப்புப் பலகையோடு நின்றுவிட்டன. வாய்ப்பேச்சில் நிலைத்தது ‘ஒற்றை நாற்று நடவு’ என்பதுதான். வரப்பில் நின்று பார்ப்பவர் கண்ணுக்குத் தெரிவது அந்த ஒற்றை நாற்று மட்டும். வயது, வேர், காற்று, தண்ணீர் எதுவும் வரப்பிலிருந்து தெரியாது.

ஒற்றை நாற்று இந்தச் சீமைக்குப் புதியதும் அல்ல. நூறாண்டுக்கு முன், பழைய சென்னை மாகாண வேளாண்துறை விதை மிச்சமாகும் என்று சொல்லி இதைப் பரப்பப் பார்த்தது. 1950களில் ஜப்பான் முறை என்று வரிசை நடவு வந்தது. கயிறு பிடித்து நட்ட கதையை இன்றும் பெரியவர்கள் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். தலைமுறைக்கு ஒரு முறை ஏதாவது ஒரு ‘முறை’ வந்து போயிருக்கிறது. அதனால் விவசாயி சந்தேகப்படுவதை அறியாமை என்று ஒதுக்குவது சரியில்லை. அவருக்கு ஞாபகம் நன்றாக இருக்கிறது, அவ்வளவுதான்.

இப்போது நாம் பேசும் முறை பிறந்த இடம் மடகாஸ்கர். 1961இல் அங்கே போய்ச் சேர்ந்த பிரெஞ்சு யேசு சபைத் துறவி ஆன்றி த லொலானியே, உள்ளூர் விவசாயிகளோடு இருபதாண்டுக்கு மேல் வயலில் கிடந்தார். ஒற்றையாக நடுவதையும், தண்ணீரைத் தேக்காமல் பயிர் வளர்ப்பதையும் அங்கங்கே சில விவசாயிகள் ஏற்கனவே செய்துகொண்டிருந்தார்கள். அவர்களிடமிருந்து அவர் எடுத்துக்கொண்டார். 1983 பருவத்தில் மழை பொய்த்தது, நாற்றங்கால் தாமதமானது, வேறு வழியில்லாமல் 15 நாள் பிள்ளை நாற்றைப் பிடுங்கி நட்டார்கள். தேறாது என்று நினைத்த அந்த நாற்றுதான் யாரும் எதிர்பார்க்காத அளவுக்குத் தூர் கட்டியது. கவனிக்க வேண்டியது இதைத்தான். ஒற்றை நாற்று அவரிடம் முன்பே இருந்தது. அந்த வருடம் மாறியது வயது மட்டும்.

ஏன் அப்படி ஆயிற்று என்பது அவருக்கே சில ஆண்டுகள் கழித்துத்தான் விளங்கியது. கடயாமா என்ற ஜப்பானிய ஆய்வாளர் நெல்லில் சிம்பு, அதாவது பக்கத்தண்டு, வெடிக்கும் ஒழுங்கை நெடுங்காலம் எண்ணிப் பார்த்து 1951இல் நூலாக வெளியிட்டிருந்தார். அவர் சொன்னதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். முழு விஷயமும் இதில்தான் அடங்கியிருக்கிறது.

நெற்பயிர் தன் காலத்தை நாள் கணக்கில் எண்ணுவதில்லை, இலைக் கணக்கில் எண்ணுகிறது. ஒரு இலைக்கும் அடுத்த இலைக்கும் உள்ள இடைவெளியை ஒரு சுற்று என்று வைத்துக்கொள்வோம். வெயிலும் இடமும் சத்தும் சரியாக இருந்தால் ஒரு சுற்றுக்கு ஐந்து முதல் ஏழு நாள். முதல் மூன்று சுற்றில் தாய்த்தண்டு மட்டும். நான்காம் சுற்றில் முதல் சிம்பு. ஐந்தில் ஒன்று, ஆறில் இரண்டு, ஏழில் மூன்று, எட்டில் ஐந்து என்று போகும். சிம்பும் தன் பங்குக்குச் சிம்பு விடும் என்பதால் எண்ணிக்கை வட்டிக்கு வட்டி போல ஏறும். இடைஞ்சலே இல்லாத ஒரு பயிர் கதிர் உருவாகும் காலத்துக்குள் 12 சுற்று முடித்தால், கணக்குப்படி 84 தண்டு. எட்டுச் சுற்றோடு நின்றுபோனால் 13.

84 என்பது ஏட்டுக் கணக்கு, வயலில் அவ்வளவு எதிர்பார்க்க வேண்டாம். ஆனால் 13க்கும் 84க்கும் நடுவே இருப்பது நான்கே சுற்று, ஏறத்தாழ மூன்று நான்கு வாரம். அந்த வாரங்கள் எங்கே தொலைகின்றன என்று பார்க்க வேண்டுமானால் நாற்றுப் பறிக்கும் இடத்துக்குப் போக வேண்டும்.

பறிக்கிற ஆள் குனிந்து ஒரு பிடி நாற்றை அடியோடு சேர்த்து இழுக்கிறார். பக்கத்தில் நின்றால் வேர் அறும் சத்தம் கேட்கும், பழைய துணி கிழிவது போல. வேரில் அப்பிய சேற்றைத் தண்ணீரில் அலசி, கணுக்காலில் இரண்டு தட்டுத் தட்டி, வைக்கோலால் ஒரு சுற்றுச் சுற்றி முடியாக்கிப் பின்னால் போடுகிறார். முடிகள் வெயிலில் கிடக்கின்றன. சாயங்காலம் பறித்தது என்றால் நடவு மறுநாள் காலைதான். நட்ட பயிர் தலை தொங்கி மஞ்சளடித்து ஒரு வாரம் கிடக்கும், அப்புறம் பச்சை பிடிக்கும். “பச்சை பிடிச்சாச்சு” என்று நாம் சந்தோஷமாகச் சொல்லும் அந்த ஏழெட்டு நாளில் ஒன்றரைச் சுற்று போயே போய்விட்டது. அதற்கு முன்பே நாற்றங்கால் நெருக்கத்தில் முதல் சிம்புகள் வெளிவராமல் கண்ணுக்குள்ளேயே அவிந்திருக்கும். ஆக, நடவு முடியும்போதே பயிர் தன் முதலில் பாதியை இழந்துவிட்டது. அதற்குப் பிறகு யூரியாவை அள்ளி வீசி அதை எழுப்பப் பார்க்கிறோம்.

14, 15 நாள் நாற்று என்பது மூன்று இலை விட்ட நாற்று. நான்காம் சுற்று இன்னும் தொடங்கவில்லை. அடிவேரில் விதைநெல்லின் கூடு ஒட்டிக்கொண்டே இருக்கும். அதைப் பிடுங்கக் கூடாது, மண்ணோடு பெயர்த்து எடுக்க வேண்டும். பாலிதீன் விரிப்பிலோ உரச்சாக்கிலோ இரண்டு விரல் கனத்துக்கு மண்ணும் மக்கிய எருவும் கலந்து பரப்பி, முளைகட்டிய விதையைத் தூவினால் வேர் கீழே இறங்க வழியில்லாமல் பாய் போலப் பின்னிக்கொள்ளும். நடவன்று அந்தப் பாயைத் துண்டு துண்டாக வெட்டித் தட்டில் வைத்து வயலுக்குக் கொண்டுபோய், அரைமணிக்குள் நட்டுவிட வேண்டும். ஆழம் விரல் நுனி அளவு போதும். கட்டைவிரலால் சேற்றுக்குள் அழுத்தித் திணித்தால் வேர் நுனி மேல்நோக்கி மடங்கிக்கொள்ளும். அது மறுபடி கீழே திரும்புவதற்குள் சில நாள் போய்விடும், நாம் மிச்சம் பிடித்ததெல்லாம் அங்கே செலவாகும்.

நாள் கணக்கையும் கண்ணை மூடிக்கொண்டு பிடிக்க வேண்டியதில்லை. ஜூன் வெயிலில் வளரும் குறுவை நாற்றின் வேகம் வேறு, ஐப்பசி மழை மூட்டத்தில் நிற்கும் தாளடி நாற்றின் வேகம் வேறு. மூன்றாவது இலை விரிந்துவிட்டதா என்று பாருங்கள், அதுதான் நாள்காட்டி.

சரி, ஏன் ஒற்றை? ஏன் 25 சென்டிமீட்டர் சதுரம்? அவ்வளவு தூர் கட்டப்போகிற பயிருக்கு இடம் வேண்டும் என்பதால். அதைத் தாண்டி மந்திரம் எதுவும் இல்லை. இரண்டு நாற்று வைத்தாலும் குடி முழுகிவிடாது. இங்கே ஒரு மயக்கத்தையும் தெளிவாக்கிவிட வேண்டும். ஒரே குத்தில் அறுபது தூரைக் கையில் அணைத்துப் பிடித்து நிற்கும் விவசாயியின் படத்தை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். பெரும்பாலும் அது வரப்போரக் குத்து, நாலு பக்கமும் வெளிச்சம் வாங்கியது. கண்டுமுதலைத் தீர்மானிப்பது குத்துக்கு எத்தனை என்பதல்ல, சதுர மீட்டருக்கு எத்தனை கதிர் என்பது. 25-க்கு 25 சதுரத்தில் ஒரு சதுர மீட்டருக்கு 16 குத்து. குத்துக்கு 25 கதிர் என்றால் 400. வழக்கமான 20-க்கு 10 இடைவெளியில் 50 குத்து. குத்துக்கு 8 கதிர் என்றாலும் அதே 400. இரண்டும் சமம்தான். வித்தியாசம் கதிரின் நீளத்திலும், நெல் பால் பிடிப்பதிலும், அடிக்கதிர் பதராகாமல் போவதிலும் வருகிறது. அதற்குக் காரணம் வேர், கடைசி வரை உயிரோடிருக்கும் வேர்.

வேரைப் பார்க்க ஆய்வுக்கூடம் தேவையில்லை, ஒரு வாளித் தண்ணீர் போதும். பூக்கும் சமயத்தில் ஆறு வாரமாகத் தண்ணீர் வடியாத வயலில் ஒரு குத்தைப் பெயர்த்து அலசிப் பாருங்கள். வேர் கறுத்திருக்கும், கூமுட்டை நாற்றம் அடிக்கும், விரலால் உருவினால் தோல் கழன்று வரும். காய்ச்சலும் பாய்ச்சலுமாக வந்த வயலில் அலசினால் வேர் வெள்ளையாகவோ பழுப்பாகவோ, கையில் அறுபடாமல் நிற்கும். நெல் நீர்த்தாவரம் என்பது நம் நெடுநாள் நினைப்பு. அது தண்ணீரைத் தாங்கும் பயிர், தண்ணீரை விரும்பும் பயிர் அல்ல. தண்டுக்குள் காற்றுக்குழல் அமைத்துக்கொண்டு மூச்சுவிட்டுச் சமாளிக்கிறது. நாம் தண்ணீர் தேக்குவது முக்கியமாகக் களைக்குப் பயந்து.

அதனால்தான் இந்த முறையில் களைக்கருவியும் தண்ணீர்க் கட்டுப்பாடும் ஒன்றோடொன்று சேர்ந்தே வருகின்றன. மண்ணில் மயிரிழை வெடிப்பு தெரியும்போது இரண்டரை சென்டிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர். நட்ட பத்தாம் நாளில் தொடங்கிப் பத்து நாளைக்கு ஒருமுறை கோனோவீடர் என்ற களைக்கருவி. சதுரமாக நட்டிருந்தால் குறுக்கும் நெடுக்கும் ஓட்டலாம். களை சேற்றில் அமுங்கி உரமாகும், மண் கிளறிக் காற்றுப் போகும். கருவியை ஓட்டாமல் தண்ணீரை மட்டும் காயவிட்டால் கிடைப்பது களைக்காடுதான். “தண்ணி கட்டாம போட்டேன், கோரை மேல வந்துடுச்சு” என்பவர்களின் கதை பெரும்பாலும் இது. கதிர் உருவாகத் தொடங்கியபின் தண்ணீரை மெல்லிசாகத் தேக்கி வைக்க வேண்டும். பூக்கும்போது காயவிடுவது தற்கொலை.

தண்ணீர் எவ்வளவு இறங்கியது என்பதைக் கண்ணால் பார்க்கவும் எளிய வழி உண்டு. ஒரு அடி நீள பிவிசி குழாயில் சுற்றிலும் ஓட்டை போட்டு, பாதிக்குச் சற்று மேல் மண்ணில் புதைத்து, உள்ளே இருக்கும் சேற்றை எடுத்துவிட்டால் போதும். குழாய்க்குள் தண்ணீர் மண் மட்டத்துக்கு 15 சென்டிமீட்டர் கீழே போனபின் பாய்ச்சலாம். பிலிப்பைன்ஸில் உள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையம் பரப்பிய வழி இது. தேங்கிய சேற்றிலிருந்து கிளம்பும் மீத்தேன் வாயுவும் இதனால் பெருமளவு குறைகிறது. காற்றில்லாத மண்ணில் வாழும் நுண்ணுயிர்களே அதை உண்டாக்குகின்றன, காற்றுப் பட்டால் அவை அடங்கிவிடும்.

சொல்வதற்கு இவ்வளவு எளிதாக இருப்பது படுகையில் ஏன் நடக்கவில்லை? போர்வெல் வைத்திருப்பவருக்குத் தண்ணீர் கைக்குள் இருக்கிறது, நடக்கும். வாய்க்கால்காரர் நிலைமை வேறு. படுகையின் பல இடங்களில் தண்ணீர் வயலிலிருந்து வயலுக்குப் பாய்கிறது. மேல்வயல்காரர் தண்ணீர் உங்கள் வயலைத் தாண்டித்தான் கீழ்வயலுக்குப் போக வேண்டும். நீங்கள் மட்டும் காயவிட முடியாது. முறைப்பாசனத்தில் அடுத்த முறை எப்போது என்பது உறுதியில்லாதபோது, வந்த அன்று வயிறுமுட்டக் கட்டிக்கொள்வதுதான் புத்திசாலித்தனம். ஒரு மடையின் கீழ் உள்ள பத்து இருபது பேரும் சேர்ந்து முடிவெடுத்தால்தான் காய்ச்சலும் பாய்ச்சலும் சாத்தியம். தனி விவசாயிக்குப் பயிற்சி கொடுத்து, ஒரு கோனோவீடரை மானியத்தில் கையில் கொடுத்து அனுப்பியதில் இந்த இடம் அப்படியே விடுபட்டுப்போனது.

விடுபட்ட இன்னொரு ஆள் நடவுப் பெண். நடவு இங்கே பல இடங்களில் ஏக்கருக்கு இவ்வளவு என்று மொத்தமாகப் பேசி எடுக்கும் வேலை. கோஷ்டி காலையில் இறங்கினால் மத்தியானத்துக்குள் முடித்துக்கொண்டு அடுத்த வயலுக்குப் போக வேண்டும். அவர்களிடம் போய்த் தட்டை ஏந்திக்கொண்டு, மார்க்கர் போட்ட கோடு சந்திக்கும் இடத்தில், ஒற்றை நாற்றை விரல் நுனியால் வையுங்கள் என்றால், அதே கூலிக்கு யார் வைப்பார்கள்? கை பழகிவிட்டால் குத்து எண்ணிக்கை குறைவு என்பதால் வேலை சீக்கிரமே முடியும். அந்தப் பழகும் நாட்களுக்கான கூலியை யார் தருவது என்பதை யாரும் பேசவில்லை. களையெடுப்பிலும் ஒரு மாற்றம் நடந்தது. கையால் களை பறித்தது பெண்கள். கருவி வந்ததும் அதைத் தள்ளுவது ஆண் வேலையாகிவிட்டது. களிமண்ணில் கோனோவீடரைத் தள்ளிப் பார்த்தவர்களுக்கு அதன் கனம் தெரியும்.

பலன் விஷயத்திலும் மிகைப்பேச்சு முறைக்குக் கெடுதலே செய்தது. மடகாஸ்கரிலிருந்து ஹெக்டேருக்கு 15 டன், 20 டன் என்று செய்தி வந்தபோது நெல் விஞ்ஞானிகள் பலர் முகம் சுளித்தார்கள். 2011இல் பீகார் நாளந்தா மாவட்டத்துச் சுமந்த் குமார் 22.4 டன் எடுத்ததாக அறிவிக்கப்பட்டது. சீனாவின் கலப்பின நெல் மேதை யுவான் லாங்பிங் அதை நம்ப மறுத்தார். அந்தச் சண்டையில் நாம் கட்சி சேர வேண்டியதில்லை. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 2003-04இல் காவிரி, தாமிரபரணிப் பாசன வயல்களில் விவசாயிகளைக் கொண்டே நடத்திய ஒப்பீட்டில் ஹெக்டேருக்குச் சுமார் ஒன்றரை டன் கூடுதலாகக் கிடைத்தது. ஏக்கருக்கு 600 கிலோ, மூட்டைக் கணக்கில் பத்து. இருபது டன் கனவோடு வந்தவருக்கு இது ஏமாற்றமாக இருக்கலாம். நெல் வியாபாரிக்கு முன்னால் நிற்பவருக்குப் பத்து மூட்டை சின்ன விஷயம் அல்ல.

எல்லா இடத்துக்கும் இது ஏற்றதும் அல்ல. உப்பு ஏறிய கடலோர மண்ணிலும் களர் நிலத்திலும் பிள்ளை நாற்று தாங்காது, அங்கே வயதான நாற்றை இரண்டு மூன்றாக வைப்பதுதான் சரி. வடகிழக்கு மழை தேங்கும் பள்ளக்காலில் சம்பாவுக்கு மூன்றிலை நாற்று நட்டால் ஒரே இரவில் மூழ்கிப்போகும். ‘மாதத்துக்கு ஒரு வாரம்’ என்று, ஐந்து மாத நெல்லுக்கு ஐந்து வார நாற்று வைத்த நம் முன்னோர் கணக்கு இப்படிப்பட்ட நிலத்தை மனதில் வைத்தது. தண்ணீருக்கு மேல் தலை தெரிய நிற்கும் உயரமான நாற்று அவர்களுக்குத் தேவைப்பட்டது. அதை மூடத்தனம் என்று சொல்ல எனக்கு மனம் வராது.

இன்னொரு வேடிக்கையும் நடந்துகொண்டிருக்கிறது. ஆள் கிடைக்காமல் நடவு இயந்திரத்துக்குப் போனவர்கள், தங்களுக்கே தெரியாமல், இந்த முறையின் பாதியைச் செய்துகொண்டிருக்கிறார்கள். இயந்திரத்தில் முற்றிய நாற்று ஓடாது. பாய் நாற்றங்காலில் வளர்ந்த 14 முதல் 18 நாள் நாற்றுதான் வேண்டும். வேர் அறுபடுவதில்லை, வெயிலில் முடி கட்டிக் காயப்போடுவதும் இல்லை. வரிசையும் தானாக அமைகிறது, ஒரு திசையிலாவது களைக்கருவி ஓட்டலாம். குத்துக்கு மூன்று நாலு நாற்று விழுகிறதே என்று ஒற்றை நாற்றுக்காரர்கள் குறைப்படலாம். வயது சரியாக இருக்கிறது, பெரிய லாபம் அங்கேயே வந்துவிடுகிறது.

கையால் நடுகிறவருக்கு மிச்சமிருக்கும் உண்மையான சிக்கல் ஒன்றுதான். மேட்டூர் ஜூன் 12இல் திறந்தாலும், தண்ணீர் தன் மடைக்கு என்று வரும் என்று கடைமடைக்காரருக்குத் தெரியாது. முப்பது நாள் நாற்று ஒரு வாரம் காத்திருக்கும். பதினாலு நாள் நாற்று காத்திருக்காது, இருபத்தொன்றாகிவிடும். வயதான நாற்று அவருக்கு ஒரு காப்பீடு. அதனால்தான் அதை விட மறுக்கிறார்.

ஆனால் கணக்கைக் கொஞ்சம் திருப்பிப் பாருங்கள். பழைய முறையில் ஏக்கருக்கு எட்டு சென்ட் நாற்றங்கால், இருபது முப்பது கிலோ விதை. தண்ணீர் தவறினால் மறுபடி விதைக்க யாருக்கும் மனசும் காசும் வராது. இந்த முறையில் ஏக்கருக்கு வேண்டியது ஒரு சென்ட் இடமும் இரண்டு மூன்று கிலோ விதையும். களத்து ஓரத்திலோ வீட்டுக் கொல்லையிலோ குடத்துத் தண்ணீரில் வளர்த்துவிடலாம். ஜூன் முதல் வாரத்தில் ஒரு பாய், எட்டு நாள் கழித்து இன்னொரு பாய், அதற்கும் எட்டு நாள் கழித்து மூன்றாவது என்று தவணை தவணையாக விதைத்து வைத்தால் மொத்தமாக ஒன்பது கிலோகூடத் தாண்டாது. தண்ணீர் எந்த வாரம் வந்தாலும் ஏதாவது ஒரு பாயில் நாற்று மூன்றாவது இலையில் நிற்கும். முற்றிப்போன பாயை மாட்டுக்குப் போட்டுவிடலாம்.